'வீட்டிலிருந்தே கும்பிடு': யார், யாருக்குச் சொல்கிறார்கள்?

"கடவுள் எங்கயும் இருக்கார்தானே, வீட்டிலிருந்தே கும்பிடலாமே!"

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த ஆட்கள் எங்கட வாவிக்கரையில் குறைவு. எழுவான்கரையிலும் கேட்கலாம், படுவான்கரையிலும் கேட்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கும். தத்துவம் மாதிரியும் இருக்கும், ஆறுதல் மாதிரியும் இருக்கும். ஆனால் இதை யார், யாருக்குச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

கோயில் வண்ணக்கருக்கு இதை யாரும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. திருவிழா உபயகாரரிடம் போய், "ஐயா, இந்த வருசம் நீங்க வீட்டிலிருந்தே கும்பிடுங்க, பரிவட்டமும் வேணாம், காளாஞ்சியும் வேணாம்" என்று சொல்லத் துணிந்த நிர்வாகத்தை எங்காவது கண்டால் சொல்லுங்கள், ஒரு தேங்காய் உடைக்கலாம். புருசனை இழந்த பெண்ணுக்குத்தான் இது சொல்லப்படும். மாதவிலக்கில் இருப்பவளுக்குச் சொல்லப்படும். குறைந்த சாதி என்று ஊர் கணக்கெழுதி வைத்திருக்கிற குடும்பத்துக்குச் சொல்லப்படும். "ஏன் நாங்க வடம் பிடிக்க ஏலாது?" என்று கேட்கிற பொடியனுக்குச் சொல்லப்படும். ஆக, இந்த வசனத்துக்கு ஒரு திசை இருக்கு. அது எப்போதும் கோயிலுக்கு உள்ளே நிற்பவரின் வாயிலிருந்து வெளியே நிற்பவரின் காதுக்குத்தான் போகிறது.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான். தனி வழிபாட்டைப் புனித நூல்கள் பெரிதாகப் பேசியிருக்கின்றன, அது உண்மை. ஆனால் பெரும்பாலும் அவை அதைப் பேசியது உள்ளே நின்று மார்தட்டியவனை அடக்குவதற்கு. அதே பக்கத்தைக் கிழித்தெடுத்து வாசலில் நிற்பவளின் கையில் கொடுத்து "போயிட்டு வா" என்பது, நூலைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்கிற வேலை.

*

முதலில் எங்கட வீட்டுச் சாட்சி. 'மனத்துக்குள் கோயில் கட்டலாம்' என்று பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது பூசலாரிடம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவர். திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பணம் இல்லை. ஆகவே மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரைக் கூட்டி, நாள் பார்த்து, ஒரு கோயிலைக் கட்டி முடித்தார். அதே நேரம் காஞ்சியில் காடவர்கோன் உண்மையான கற்கோயில் ஒன்றைக் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். சிவன் அரசனின் கனவில் வந்து, "நாளைக்கு நான் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்" என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்தக் கதையை சைவசமயப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். படிக்கும்போது இரண்டு விசயத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். முதலாவது, பூசலார் எடுத்த எடுப்பில் மனத்துக்குள் கட்டப் போகவில்லை. வெளியில் கட்டுவதற்குத்தான் பொருள் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்காத பிறகுதான் உள்ளே கட்டினார். ஊருக்கு ஒரு கோயில் என்பதுதான் அவருடைய முதல் ஆசை. இரண்டாவது, கதையில் சிவன் பாடம் எடுப்பது பூசலாருக்கு இல்லை, அரசனுக்கு. தன் நாளை மாற்றிக்கொண்டு, திருநின்றவூருக்குத் தேடிப் போய், ஒன்றுமில்லாத ஒரு மனிதனின் காலில் விழ வேண்டியவன் காடவர்கோன். பணமும் பெயரும் உள்ளவனின் குடமுழுக்கைக் கடவுள் தள்ளிவைத்த கதை இது. இதை வைத்து ஏழைக்கு 'மனசுக்குள்ள கட்டு' என்று புத்தி சொல்கிற நிர்வாகசபைகள், தங்கட பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு எந்தக் குடிசைக்காவது போய் விழுந்து கும்பிட்டதுண்டா?

அதே புத்தகத்தில்தான் திருநாளைப்போவாரும் இருக்கிறார். நந்தனார் என்றால் சட்டென்று விளங்கும். ஆதனூர்க்காரர். கோயில் பேரிகைக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்த பொருள் உள்ளே போகலாம், அவர் போக முடியாது. திருப்புன்கூரில் வெளியே நின்று கும்பிட்டபோது நந்தி விலகி வழிவிட்டது என்கிறது கதை. தில்லைக்குப் போகும்போதோ தீயில் இறங்கி, வேறு உருவத்தில் எழுந்துதான் உள்ளே போக முடிந்தது.

அந்தத் தீயைப் பற்றி எனக்குச் சண்டை இருக்கு. உள்ளே போவதற்கு ஒரு மனிதன் எரிய வேண்டியிருந்தது என்பதைப் பக்தி என்று சொல்லிக் கடந்துபோக என்னால் ஏலாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நந்தனாரிடம் கடவுள் 'உனக்குத் தில்லை எதற்கு, மனசுக்குள்ளே கட்டிக்கொள்' என்று சொல்லவில்லை. பூசலாருக்குக் கிடைத்த மனக்கோயிலை நந்தனாருக்குத் தீர்வாகச் சேக்கிழாரும் கொடுக்கவில்லை. அந்த மனிதனின் ஆசை, கூட்டத்தோடு உள்ளே போய்ப் பார்ப்பது. அந்த ஆசை நியாயமானது என்பதைக் கதையே ஏற்றுக்கொள்கிறது. நாங்களோ நந்தனார்களுக்குப் பூசலார் கதையைச் சொல்லி அனுப்புகிறோம்.

*

வேதாகமத்துக்கு வருவோம். இங்கேயும் ஒரு பிரபலமான இடம் இருக்கிறது: மத்தேயு 6ஆம் அதிகாரம். செபிக்கும்போது உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்று இயேசு சொல்லுமிடம். "சேர்ச்சுக்குப் போகத் தேவையில்லை" என்று வாதாடுகிற எல்லோரும் முதலில் தூக்கிப் போடுவது இதைத்தான். ஆனால் அதற்கு முன்வசனத்தைப் படியுங்கள். மனிதர் காணவேண்டும் என்று தொழுகைக்கூடங்களிலும் தெருமுனைகளிலும் நின்று செபிக்கிறவர்களைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் அந்தப் பேச்சு வருகிறது. அது விளம்பரக்காரனுக்கு விழுந்த அடி. அதற்குப் பின்வசனங்களையும் படியுங்கள். அறைக்குள் போகச் சொன்ன அதே மூச்சில் அவர் சொல்லிக்கொடுக்கிற செபத்தில் 'என்' என்ற சொல்லே இல்லை. தந்தையும் 'எங்கள்' தந்தை, கேட்கிற அப்பமும் 'எங்களுக்கு', மன்னிப்பும் 'எங்களுக்கு'. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கும்போதும் பன்மையில் பேசச் சொல்கிற செபம் அது. தனிமைக்குள்ளும் ஊரைக் கூட்டிக்கொண்டு போ என்பதுதான் அதன் பொருள்.

பழைய ஏற்பாட்டில் ஆமோஸ் இன்னும் கடுமை. உங்கள் திருவிழாக்களை நான் வெறுக்கிறேன், உங்கள் பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள், நியாயம் தண்ணீரைப்போல் ஓடட்டும் என்ற பொருளில் கடவுளே பேசுவதாக அவர் சொல்கிறார். இதுவும் கூட்டு வழிபாட்டுக்கு எதிரான பேச்சுப்போலத் தெரியும். ஆனால் யாருடைய கூட்டம்? ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடுகிறவர்களின் கூட்டம். ஆமோஸ் யாரையும் வீட்டுக்குப் போய்த் தனியாகக் கும்பிடச் சொல்லவில்லை. நியாயமில்லாத கூட்டத்தை நியாயமுள்ள கூட்டமாக்கு என்கிறார்.

இஸ்லாத்துக்கு வெளியே நிற்பவர் நான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் பேசுவேன். கூட்டாகத் தொழுவது தனியாகத் தொழுவதைவிட 27 மடங்கு மேலானது என்ற நபிமொழி பிரபலமானது. அதை அறிவித்த இப்னு உமர்தான், அல்லாஹ்வின் பெண்ணடியார்களைப் பள்ளிவாசல்களைவிட்டுத் தடுக்காதீர்கள் என்ற நபிமொழியையும் அறிவித்தவர். "நாங்கள் தடுப்போம்" என்று அவருடைய சொந்த மகனே எதிர்த்துப் பேசியபோது, அவர் மகனைக் கடுமையாக ஏசினார் என்றும் ஹதீஸ் நூலில் பதிவாகியிருக்கிறது. பெண்களுக்கு வீடே சிறந்தது என்ற அறிவிப்பும் இருக்கிறது, அதை வைத்து வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அந்தச் சமூகத்துப் பெண்கள் பேசி முடிக்கவேண்டிய விசயம். எனக்குத் தேவையானது ஒன்றுதான்: பள்ளிவாசலா வீடா என்ற இழுபறி இன்றைய பெண்ணியவாதிகள் கொண்டுவந்து போட்டது இல்லை. அது நூலுக்குள்ளேயே ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் நடந்திருக்கிறது.

*

இப்போது மறுபக்கம். "நீ கூட்டு வழிபாட்டைத் தூக்கிப் பிடிக்கிறாய், ஆனால் எங்கட கோயில்களில் நடக்கிறது வழிபாடா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

மட்டக்களப்புக் கோயில்கள் பல குடிமுறையில் நடப்பவை. எந்தக் குடிக்கு எந்த நாள் திருவிழா, எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்பதெல்லாம் பரம்பரையாக வரும். இந்தக் குடி எங்களுக்குத் தாய்வழியில் வருவது. அம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள மற்றத் தமிழர்களிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள், நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் மரியாதை யாருக்குப் போகிறது? தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு. குடியைச் சுமப்பது பெண்ணின் வயிறு, பரிவட்டம் கட்டுவது ஆணின் தலையில். வண்ணக்கர் வரிசையில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்து பார்க்கவே எங்களுக்குச் சிரிப்பு வருகிறது என்றால், பிழை அந்தக் கற்பனையில் இல்லை.

யாழ்ப்பாணத்தை எடுத்தால், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகக் கேட்டு நின்றார்கள். அவர்களைத் தடுக்க முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம். கணிதப் பேராசிரியராக இருந்தவர், அமைச்சராக இருந்தவர். படிப்புக் குறைவால் சாதி பார்க்கிறார்கள் என்ற சமாதானம் அந்த வாசலிலேயே செத்துப்போனது. பொது வழிபாட்டு இடத்துக்குள் போவதைச் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது 1957இல். சட்டம் வந்து 61 வருசம் கழித்து, 2018இல், வரணியில் ஒரு கண்ணகை அம்மன் கோயில் தேரை மண்வெட்டும் இயந்திரம் இழுத்த படம் நாடு முழுக்கச் சுற்றியது. ஒடுக்கப்பட்ட சாதியினர் வடத்தைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். தேர் என்பது என்ன? தனியாக ஒருவரால் இழுக்க முடியாத பாரம். ஊர் கூடினால்தான் நகரும். அதற்காகத்தான் அது அவ்வளவு பாரமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பாரத்தை இயந்திரத்திடம் கொடுத்த பிறகு அங்கே நடப்பது கூட்டு வழிபாடு இல்லை. அது ஒரு சிலரின் தனி வழிபாடு, கொஞ்சம் பெரிய வாகனத்தில். ஆகவே நண்பர்களுக்கு என் பதில்: நான் தூக்கிப் பிடிப்பது கூட்டத்தை. நீங்கள் வெறுப்பது கூட்டம் மாதிரி வேசம் போட்ட ஒரு தனிச்சொத்தை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம்தான்.

*

இதையெல்லாம் விட எங்கட மண்ணில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது: கண்ணகி.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் காலத்திலிருந்து கண்ணகி வழிபாடு ஆகமத்துக்கு ஒத்துவராதது என்று தள்ளப்பட்டு, பல கண்ணகி கோயில்கள் இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் அவள் கண்ணகியாகவே இருக்கிறாள். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் என்று வைகாசி மாதம் ஊரூராகக் கதவு திறக்கும். பல கோயில்களில் வருசத்தில் அந்தச் சில நாட்கள்தான் சடங்கு. பத்ததிப்படி கட்டாடியாரும் கப்புகனாரும் செய்கிற சடங்குகள், வழக்குரைப் பாடல், கடைசியில் குளிர்த்தி. அவளுக்காகக் கொம்புமுறி விளையாட்டு நடந்தால் வடசேரி, தென்சேரி என்று ஊரே இரண்டாகப் பிரிந்து கயிறு பிடிக்கும். இதில் எதையும் ஒரு ஆள் வீட்டில் தனியாகச் செய்ய முடியாது. அவளுடைய கோபத்தை ஒரு குடும்பம் குளிர்விக்க முடியாது, ஊர்தான் குளிர்விக்க வேண்டும்.

அவள் யார்? புருசனைப் பறிகொடுத்தவள். அநியாயமாகப் பறிகொடுத்தவள். அவள் அறைக்குள் இருந்து அழுது, மனசுக்குள் ஒரு கோயில் கட்டவில்லை. ஒற்றைச் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, அரசசபைக்குப் போய், எல்லோர் முன்னாலும் வழக்குச் சொன்னாள். எங்கட ஊர்க் கோயில்களில் படிக்கிற அவளுடைய கதைக்குப் பெயரே 'வழக்குரை'. ஒரு கைம்பெண் பொதுச்சபையில் எழுந்து பேசியதைத்தான் நாங்கள் வருசம்தோறும் புனித நூலாக வைத்துப் படிக்கிறோம்.

இனிக் கேளுங்கள். எங்கட சொந்தத்தில் ஒரு அக்கா. முப்பது வயசு ஆகவில்லை. மச்சான் மோட்டார்சைக்கிள் விபத்தில் போய்ச் சேர்ந்து இரண்டு வருசம். கிராமத்துக் கண்ணகி அம்மன் சடங்குக்கு மடைப்பெட்டி எடுக்கவென்று நோன்பிருந்து ஆயத்தமானாள். பெண்பிள்ளைக்கு வந்த காய்ச்சல் சுகமானதற்கு வைத்த நேர்த்தி. கோயிலுக்குப் பொறுப்பான ஒருவர் வீட்டுக்கு வந்து, ஏசவில்லை, மிக அன்பாகத்தான் சொன்னார்: "நீ வீட்டிலிருந்தே கும்பிடு மகள். அம்மாள் எல்லாத்தையும் பார்ப்பா. மடைப்பெட்டிய வேற ஆரும் எடுக்கட்டும்." அக்கா தலையை ஆட்டினாள். மடைப்பெட்டியை மாமி எடுத்துப் போனார்.

அன்று இரவு ஒலிபெருக்கியில் வழக்குரை படித்தார்கள். புருசனை இழந்த ஒரு பெண் அரசனைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் வீட்டு முற்றம் வரைக்கும் கேட்டன. அதே புருசனை இழந்த இன்னொரு பெண் அந்த முற்றத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முரண் யாருக்கும் உறைக்கவில்லை. ஒரு கைம்பெண்ணைத் தெய்வமாக வைத்திருக்கிற கோயிலில் கைம்பெண் மடைப்பெட்டி எடுத்தால் தீட்டு என்றால், முதலில் வெளியே போகவேண்டியவள் கருவறைக்குள் இருப்பவள்தான்.

"இது ஆகம விதி" என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். கண்ணகி சடங்கு ஆகமத்தில் இல்லை, பத்ததியில் இருக்கிறது. ஆகமம் பேசியவர்கள் அவளையே தள்ளிவைத்தார்கள். அவளைத் தள்ளியபோது நாங்கள் ஆகமத்தைக் கேட்கவில்லை. அவளைப் போன்றவளைத் தள்ளும்போது மட்டும் எங்கிருந்து ஆகமம் வருகிறது?

*

"சரி, வீட்டிலிருந்து கும்பிட்டால் என்ன குறைந்துபோகும்?" என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. இதைக் கேட்பவருக்குப் பெரும்பாலும் வீட்டில் ஒரு சாமியறை இருக்கும்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீடு. மாமி, மூன்று பிள்ளைகள், தைக்கிற மெசின், ஓடிக்கொண்டிருக்கிற டிவி. காலையில் நான்கு மணிக்கு எழும்பி, இரவு பத்துக்குப் படுக்கிற பெண்ணுக்கு வீடு தனிமையான இடம் இல்லை, அது வேலைத்தளம். அவளுக்குத் தனியாக இருக்கக் கிடைக்கிற ஒரே இடம் கோயில். கூட்டத்துக்கு நடுவில் ஒரு தூணில் சாய்ந்து, யாரும் "அம்மா" என்று கூப்பிடாத அரை மணித்தியாலம். அவளைக் கோயிலிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறவர், தனி வழிபாட்டைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அதைத்தான் பறிக்கிறார்.

வேதாகமத்தில் அன்னாள் செய்தது இதைத்தான். சாமுவேல் முதல் நூலின் தொடக்கத்தில் வருகிற கதை. பிள்ளையில்லாதவள், வீட்டில் சக்களத்தியின் குத்தல் பேச்சுத் தாங்காதவள், சீலோவிலிருந்த ஆலயத்துக்குப் போய் அழுது செபிக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. வாசலில் இருந்த ஆசாரியன் ஏலி அவளைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஏசுகிறான். கதை யார் பக்கம்? அன்னாள் பக்கம். பொது இடத்துக்கு நடுவில் ஒரு பெண் தன் தனிச்செபத்தைச் செய்துகொண்டாள். அதை விளங்கிக்கொள்ளத் தெரியாதவன் ஆசாரியன்தான். கூட்டு வழிபாடும் தனி வழிபாடும் சண்டைக்காரர்கள் இல்லை என்று காட்ட எனக்கு இதைவிட நல்ல கதை தெரியாது. அவற்றுக்கு நடுவில் சண்டை மூட்டுவது வாசலில் உட்கார்ந்திருப்பவர்.

எங்கட காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளும் இதைச் சொல்லியிருக்கிறார். இறைவனுக்கு ஏற்ற மலர் எது என்று கேட்கும் அவருடைய பாட்டைப் பாலர் வகுப்பிலேயே பாடியிருப்போம். மேடையில் அதை எடுத்து ஆள்கிறவர்கள் 'உள்ளம்தான் மலர்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பாட்டு அங்கே நிற்பதில்லை. உள்ளத்துக்குப் பிறகு கூப்பிய கையை மலர் என்கிறார், அதற்குப் பிறகு பார்க்கிற கண்ணை மலர் என்கிறார். மூன்று மலரில் இரண்டு உடம்பில் இருக்கிறது. கண் மலராக வேண்டுமென்றால் அதற்குப் பார்க்கக் கிடைக்க வேண்டும். ஒருத்தியின் கையையும் கண்ணையும் வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளத்தை மட்டும் கடவுளுக்குக் கொடு என்பது அடிகளின் பாட்டில் முதல் துண்டை மட்டும் கிழித்து எடுப்பது.

*

இதைப் படிக்கிற என் வயசுக்காரருக்கு ஒன்று. எங்களில் பலர் "எனக்குக் கோயில் தேவையில்லை, நான் தனியாகக் கும்பிடுவன்" என்கிறோம், அல்லது கும்பிடுவதே இல்லை. இரண்டும் உங்கள் உரிமை. ஆனால் எந்த நேரமும் உள்ளே போகக்கூடியவர் 'எனக்கு வேண்டாம்' என்பதும், போக முடியாதவளைப் பார்த்து 'உனக்கு எதற்கு' என்பதும் ஒன்றில்லை. முதலாவது விருப்பம். இரண்டாவது, வண்ணக்கரின் குரல், நவீனமான உடுப்பில்.

நம்பிக்கையை மனசுக்குள் வைத்துக்கொள் என்று அரசு சொன்னால் எப்படி இருக்கும் என்பதையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2020 ஏப்ரலிலிருந்து அடுத்த ஆண்டு பெப்ரவரி வரைக்கும் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். 20 நாள் குழந்தையையும் எரித்தார்கள். 2021 மார்ச்சில்தான் எங்கட மாவட்டத்து ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். 'நம்பிக்கை உள்ளத்தில்தானே, உடம்பை என்ன செய்தால் என்ன' என்ற வாதம் எவ்வளவு கொடூரமாகப் போகக்கூடும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

கூடிக் கும்பிடுவது இந்த ஊரில் ஒருநாளும் வசதியான விசயமாக இருந்ததில்லை. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். தமிழராக இதை எழுதாமல் தாண்டிப் போக எங்களுக்கு உரிமை இல்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள். வீட்டிலிருந்து கும்பிடுவதுதான் பாதுகாப்பு என்றால், இந்த இரண்டு சனமும் அதன்பிறகு வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கவே கூடாது. வந்தார்கள். திரும்பவும் வரிசையில் நின்றார்கள், திரும்பவும் சேர்ந்து பாடினார்கள். தோளோடு தோள் ஒட்டி நிற்பதில் தனியாக இருக்கும்போது கிடைக்காத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். அந்த ஒன்றைத்தான் நாங்கள் எங்கட அக்காமாருக்கு மறுக்கிறோம், சும்மா, 'வழக்கம்' என்ற ஒரு சொல்லை வைத்து.

ஆகவே இந்த வைகாசிக்கு முன்னால் கோயில் பொதுக்கூட்டம் கூடும்போது இளைஞர்கள் பின்வரிசையில் ஃபோன் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. எழுந்து மூன்று விசயம் கேட்கவேண்டும். நேர்த்தி வைத்த எந்தப் பெண்ணும் மடைப்பெட்டி எடுக்கலாம் என்று கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். தாய்வழியில் வருகிற குடிக்குத் தாய்மாரையும் நிர்வாகத்தில் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமாவது ஒலிபெருக்கியை நிறுத்துங்கள், அன்னாளைப்போல் வருகிறவளுக்கும் கோயிலில் இடம் வேண்டும்.

"இதெல்லாம் எதற்கு, வீட்டிலிருந்தே கும்பிடலாமே" என்று யாராவது அப்போதும் சொன்னால், மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, நல்ல யோசனை. இந்த வருசம் நீங்களே தொடங்கி வைக்கிறீங்களா?"